உழக்கு எங்கடா போச்சு?

வா ராசா, வா. பந்தலுக்குள்ள குனிஞ்சு வா. பழம் தொங்குது, நெட்டுக்குத்தலா வந்தா நெத்தியில மோதும்.

கக்கத்துல என்ன, செங்கல்லா? புத்தகமா! எழுநூறு பக்கம் இருக்கும் போலயே. கணக்கும் நிதியும், ஓர் அறிமுகமா? அறிமுகமே இம்புட்டுத் தடியா இருந்தா, கல்யாணம் முடிச்சுக் குடும்பம் நடத்தயில எம்புட்டு இருக்கும்?

நீ படிக்கிறது மிசினு படிப்பு. அதுக்குள்ள ஒரு பருவத்துக்கு மட்டும் இந்தக் கணக்குப் பாடத்தைச் செருகிவிட்டாய்ங்களாக்கும். டெபிட்டு எது, கிரெடிட்டு எதுன்னு தெரியாம மூணு நாளா உனக்குச் சோறு எறங்கலைன்னு உங்கம்மா வந்து பொலம்பிட்டுப் போறா. நானும் கூடலூர்ல எழுபது சொச்சம் வருசமாச் சோறு திங்கிறேன். ஒரு நாளும் அது டெபிட்டா கிரெடிட்டான்னு கேட்டதில்ல. தன்னால எறங்குது.

என்ன சொன்ன? உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாது, நமக்கெதுக்குத் தாத்தா கணக்கா? அடேய், பழமொழி சொல்றதுல மட்டும் நீ பெரிய மனுசன். மிஞ்சாதுன்னு எப்பிடிடா தெரிஞ்சுச்சு? எவனோ ஒருத்தன் குந்தி ஒக்காந்து கணக்குப் பாத்ததாலதான தெரிஞ்சுச்சு? கணக்குப் பாக்காதன்னா அந்தச் சொல்லு சொல்லுது? பாத்த பயலோட வயித்தெரிச்சல்டா அது. இரு, அந்த உழக்கு எங்க போச்சுன்னு பொறவு தேடுவோம். மொதல்ல உன் டெபிட்டு, கிரெடிட்டு.

உங்க அப்பத்தா டிரங்குப் பெட்டியில ஒரு நோட்டு இருக்கு, பாத்திருக்கியா? மூலையில மஞ்ச தடவி, பிள்ளையார் சுழி போட்டது. மொய் நோட்டு. உன் புத்தகத்துல எழுநூறு பக்கத்துக்குப் பரப்பி வச்சிருக்கிறதுல முக்காவாசி அந்த நாப்பது பக்கத்துல கெடக்கு.

உங்காதுகுத்துக்குச் சுருளிப்பட்டி மாமா 500 ரூவா செஞ்சாரு. அப்பத்தா என்ன எழுதுனா? மாமா பேரைப் போட்டு, வரவு 500. காசு எங்க போச்சு? சுருக்குப் பையில. ஆக ஒரே ஐநூறு ரெண்டு எடத்துல நிக்குது. பையில காசா நிக்குது, மாமா பேருல பாக்கியா நிக்குது. உன் வாத்தியாரு இதைத்தான் இரட்டைப் பதிவுன்னு வாய் நெறையச் சொல்றாரு. ரொக்கக் கணக்குல பற்று 500, மாமா கணக்குல வரவு 500. இடதும் வலதும் சமம். அம்புட்டுத்தான் வித்தை.

இதை 1494ல வெனிசு பட்டணத்துல லூக்கா பாச்சோலின்னு ஒரு சாமியாரு புத்தகமா அச்சுல போட்டாராம். அவரு கண்டுபிடிச்சது இல்ல. அந்த ஊரு வியாபாரிக ஏற்கெனவே எழுதிக்கிட்டு இருந்ததை ஒழுங்குபடுத்திக் குடுத்தாரு, நல்ல மனுசன். உங்க அப்பத்தாளுக்கு வெனிசும் தெரியாது, பாச்சோலியும் தெரியாது. மாமா மூஞ்சி தெரியும். அது போதும்.

இப்ப மொய்க்கும் கம்ப்யூட்டரு வந்துருச்சு. மண்டப வாசல்ல துட்டைக் குடுத்தா பில்லு கிழிச்சுக் குடுக்குறாய்ங்க. போனுக்கு மெசேஜும் வருது. வரட்டும். ஆனா ஒண்ணு கேக்குறேன். மொய் முடிஞ்ச ராத்திரி மூட்டையை எண்ணிப் பாத்துட்டு, மூணு லட்சம் சம்பாதிச்சுட்டேன்னு மார்தட்டுறானே, அவன் சம்பாதிச்சானா, கடன் வாங்குனானா? கடன்டா. மூணு லட்சத்தையும் முந்நூறு வீட்டு விசேசத்துல திருப்பிச் செய்யணும். கைக்கு வந்ததெல்லாம் வருமானம் இல்ல. இந்த ஒரு வரி வெளங்குனா பாதிப் பாடம் முடிஞ்சுச்சு.

மாமா வீட்டு விசேசத்துக்கு நாம ஆயிரம் செய்யறோம். அதுல பழைய மொய் 500, புது மொய் 500. பழசு கடனைக் கழிச்சது. புதுசு நாம அவருக்குக் குடுத்த கடன். இனி அவரு நமக்குத் தரணும். ஒரே நோட்டுக்குள்ள தரவேண்டியது, வரவேண்டியது ரெண்டும் ஓடுது. எந்தக் காலேஜுல படிச்சா உங்க அப்பத்தா?

போனை எடு. பேங்குல இருந்து மெசேஜு வந்திருக்குமே. உன் காசைப் போட்டதும் கிரெடிட்டுன்னு வருதா? புத்தகத்துலயோ ரொக்கம் வந்தா டெபிட்டுன்னு இருக்கா? அதான உன் தூக்கம் போன எடம்? கோட்டிப்பயலே, அது உன் நோட்டு இல்ல. பேங்குக்காரன் நோட்டு. அவன் உங்கிட்ட மொய் வாங்கியிருக்கான். உன் பேரைப் போட்டு வரவுன்னு எழுதிக்கிட்டான், அப்பத்தா மாமா பேருல எழுதுனாப்புல. அந்தக் காசை உனக்குத் திருப்பித் தரணும்னு அவன் கைப்பட எழுதுன சீட்டு அது. யாரு நோட்டுல எழுதுறோம்னு பாத்துக்கிட்டா டெபிட்டும் கிரெடிட்டும் கண்ணைக் கட்டாது.

சரி, அடுத்தது என்ன? இருப்புநிலைக் குறிப்பா? பேரைக் கேட்டாலே காய்ச்ச வருது. பழைய வியாபாரிக ஐந்தொகைம்பாக. பர்மா, மலேயான்னு லேவாதேவி செஞ்ச நகரத்தாரு, ஏசெண்டை அனுப்பி வச்சா, மூணு வருசம் இருந்துட்டு அணா பைசா சுத்தமா அந்த ஐந்தொகைக் கணக்கை ஒப்படைச்சுட்டுத்தான் ஊரு திரும்பணும்.

நீ பேப்பரு பாக்குறியா? செல்லுலயாவது பாப்பியே. நம்ம பக்கத்துப் பேப்பர்ல தெனமும் ஒரு பெட்டிச் செய்தி வரும். முல்லைப்பெரியாறு நீர்மட்டம் இத்தனை அடி. வரத்து இத்தனை கன அடி. வெளியேத்தம் இத்தனை கன அடி. கம்பம் பள்ளத்தாக்குல எழுத்துக்கூட்டத் தெரிஞ்சவன் அத்தனை பேரும் அதைப் படிச்சுட்டுத்தான் டீயைக் குடிப்பான். உன் எழுநூறு பக்கமும் அந்த மூணு வரிதான்டா. மட்டம்ங்கிறது ஐந்தொகை. இந்த நிமிசம் எம்புட்டு இருக்குன்னு சொல்லும். வரத்தும் வெளியேத்தமும் வரவு செலவு. ஒரு காலத்துக்குள்ள எம்புட்டு வந்துச்சு, எம்புட்டுப் போச்சுன்னு சொல்லும். வந்தது கூடுனா மட்டம் ஏறும். போனது கூடுனா எறங்கும். இதுக்கு எதுக்குடா டியூசன்?

அதுலயும் நுணுக்கம் இருக்கு. அணை நெறைய இருக்குன்னு அம்புட்டையும் தேக்கிற முடியுமா? கட்டுனது 152 அடி மட்டத்துக்கு. உச்ச நீதிமன்றம் 2014ல, இப்போதைக்கு 142 அடின்னு கோடு போட்டுச்சு. கண்ணுக்குத் தெரியறது எல்லாம் நீ அனுபவிக்கிறதுக்கு இல்ல. உன் கதையும் அதான். போன மாசம் 1,20,000 ரூவாய்க்கு வண்டி வாங்குனியே. கையில இருந்து போட்டது 20,000. மிச்சம் லட்சம் கடன். வண்டி யாரோடது? உன் பங்கு ஆறுல ஒண்ணு. முன்சக்கரமும் ஹாரனும் உன்னோடது. மிச்சம் கடன்காரனோடது. அதுல உக்காந்துக்கிட்டு எம்புட்டு ஒசரமாத் தலையைச் சிலுப்புற! சொத்து ஒரு பக்கம். கடனும் மொதலும் மறுபக்கம். ரெண்டும் சமமாத்தான் நிக்கும். எப்பவும் நிக்கும். ஏன்னா உங்கிட்ட இருக்குறது ஒண்ணு உன் மொதல்ல வந்திருக்கணும், இல்ல அடுத்தவன் குடுத்திருக்கணும். மூணாவது வழி ஒண்ணு இருக்கு. அதுக்குப் போலீசு வரும்.

இப்ப உழக்கைத் தேடுவோமா?

இந்தப் பந்தலைப் பாரு. பன்னீர் திராட்சை. 2023ல புவிசார் குறியீடு கெடச்ச பழம். வருசம் பூராம் காய்க்கும். குறியீடு வந்ததும் நம்மாளுக சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாய்ங்க. நல்லதுதான். ஆனா கணக்கு?

ஒரு பேச்சுக்கு வச்சுக்க. ஒரு ஏக்கரு. வருசத்துல பழம் வித்தது 2,40,000. மண்டிக் கமிசன் பத்துக்கு ஒண்ணு, 24,000 போச்சு. கவாத்து, உரம், மருந்து, கூலி எல்லாம் 1,20,000. மிச்சம் 96,000. இந்த எடத்துலதான் நம்மாளு நோட்டை மூடிட்டு, டீக்கடையில எல்லாருக்கும் வடை சொல்லுவான். நோட்டை மூடாதடா, இன்னும் இருக்கு.

கல்லுக்காலு ஊண்டி, கம்பி இழுத்து இந்தப் பந்தல் போட மூணு லட்சம் ஆச்சுன்னு வையி. பதினஞ்சு வருசம் தாங்குமா? அப்ப வருசத்துக்கு 20,000 ரூவாப் பந்தல் துருப்பிடிச்சு மண்ணாப் போகுது. காசா வெளிய போகல, அதனால கண்ணுக்குத் தெரியல. தேய்மானம்னு புத்தகத்துல இருக்கே, இதான். பந்தல் போட்ட வருசமே மூணு லட்சத்தையும் செலவுல எழுதுனா, நட்டம்னு கெடந்து அழுவ. எழுதாமலே விட்டா, பதினஞ்சு வருசம் லாபம்னு ஆடிட்டு, பதினாறாவது வருசம் பந்தல் சாயயில அழுவ. அழுகையைப் பதினஞ்சு பங்காப் பிரிச்சு வருசா வருசம் கொஞ்சம் அழுதுக்க. அது புத்திசாலித்தனம்.

96,000ல 20,000 போனா 76,000. இன்னும் மூடாத. நீயும் உம் பொண்டாட்டியும் வருசத்துல ஆளுக்கு நூறு நாள் இந்தப் பந்தலுக்குள்ள கழுத்து நோகக் கெடந்தீக. அடுத்தவன் தோட்டத்துக்குப் போயிருந்தா நாளுக்கு 400ன்னாலும் 80,000. கழி. என்ன மிஞ்சுது? நாலாயிரம் துண்டு விழுது! கண்டுபிடிச்சிட்டியா உழக்கை? எவனும் திருடலடா. நம்ம ரெண்டு பேரு கூலியை நாமளே தின்னுட்டு, அதுக்கு லாபம்னு பேரு வச்சுக்கிட்டோம்.

இது நான் சொல்ற பட்டிக்காட்டுக் கணக்கு மட்டும் இல்ல. தில்லியில வேளாண் விலை ஆணையம் நெல்லுக்கு ஆதார வெலை சொல்ல எப்பிடிக் கணக்குப் போடுது தெரியுமா? கையில இருந்து செலவழிச்சதுக்கு ஏ-2ன்னு பேரு. அதோட வீட்டாளுக உழைப்பையும் சேத்தா இன்னொரு தொகை. சொந்த நெலத்துக்கு வாடகை, சொந்த மொதலுக்கு வட்டி இதுகளையும் சேத்தா சி-2. சுவாமிநாதன் தலைமையில இருந்த விவசாயிகள் ஆணையம் 2006ல, செலவுக்கு மேல பாதியையும் சேத்து வெலை குடுங்கன்னுச்சு. எந்தச் செலவுக்கு மேலங்கிறதுலதான் இன்னி வரைக்கும் சண்டை. பாத்தியா? ஒரு வரியைச் சேக்கணுமா, விடணுமாங்கிறதுலதான் நாட்டுச் சண்டையே கெடக்கு. நீ கணக்குப் பாடம் சப்புன்னு இருக்குங்குற. நம்ம திராட்சைக்கு அந்த ஆதார வெலையும் கெடையாது, அது தனிக் கதை.

அதுக்காகக் கொடியை வெட்டிரணுமா? யாரு சொன்னா? கணக்கு வெட்டுன்னும் சொல்லாது, நடுன்னும் சொல்லாது. எங்க ஒழுகுதுன்னு வெளக்கைப் பிடிச்சுக் காட்டும். அடைக்கிறது உம்பாடு.

லாபம் வேற, ரொக்கம் வேற. அதையும் கேட்டுக்க. மண்டியில பழத்தைப் போட்டாச்சு. சீட்டும் வந்துருச்சு. காசு? அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம். சீட்டுல நீ லட்சாதிபதி, சட்டைப் பையில பஸ்ஸுக்குக் காசில்ல. ஜூன் மாசம் பொறந்தா இந்தப் பள்ளத்தாக்குல ரெண்டு மதகு தொறக்கும். மட்டம் இருந்தா தேக்கடி மதகு தொறக்கும், 14,707 ஏக்கரு நெல்லு வெள்ளாமைக்குத் தண்ணி பாயும். உங்க காலேஜு பீசு மதகும் அப்பத்தான் தொறக்கும். அதுல தண்ணி நம்ம பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் பாயும். லாபம் எம்புட்டுன்னு மட்டும் கேக்காத. எந்த மாசத்துல காசு வரும், எந்த மாசத்துல போகும்னு கேளு.

கையில இல்லாட்டி வட்டிக்கு வாங்குவோம். நூத்துக்கு மூணு வட்டின்னா பயலுக சிரிச்சுக்கிட்டே வாங்குறாய்ங்க. மூணுதானன்னு. அது மாசத்துக்குடா. வருசத்துக்கு முப்பத்தாறு. கட்டாம வட்டிக்கு வட்டி ஏறுனா ரெண்டு வருசத்துல கடன் ரெண்டு மடங்கு. எப்பிடிச் சொல்றேன்? 72ஐ வட்டியால வகுத்துப் பாரு. 72ல மூணு எத்தனை தடவை? இருபத்துநாலு. இருபத்துநாலு மாசம். கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாத்துக்கும் தடைன்னு தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் போட்டாச்சு. சட்டத்துக்குக் கணக்குத் தெரிஞ்சிருக்கு. கையெழுத்துப் போடுற பயலுக்குத் தெரியல.

வட்டியே இல்லாத தவணைன்னு போன் வாங்குனியாமே? 24,000 ரூவாப் போனு, மாசம் 2,000. ரொக்கமாக் குடுத்தா 22,500க்குத் தாறேன்னு கடைக்காரன் சொன்னானா இல்லையா? காகிதச் செலவுன்னு 500 பிடிச்சானா இல்லையா? ஆக 2,000 ரூவா கூடப் போச்சு. மாசாமாசம் கட்டிக்கிட்டே வர்றதால, சராசரியாப் பாத்தா பாதிப் பணந்தான் வருசம் பூராம் உங்கிட்ட நின்னுச்சு. அந்தப் பாதிக்கு 2,000ன்னா நூத்துக்குப் பதினேழு கிட்ட வருது. பூச்சியம்ங்கிறது எந்த ஊருல பதினேழு? பூச்சிய வட்டின்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு 2013லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குச் சொல்லிருச்சு. கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க்கடனைத் தவணை தப்பாமக் கட்டுனா வட்டியில்லம்பாக. அதுலயும் வட்டி உண்டு, நமக்குப் பதிலா அரசாங்கம் கட்டுது. யாரு கட்டுறான்னு கேளு. ஒருத்தன் கட்டிக்கிட்டுத்தான் இருப்பான். ஒருத்தனும் தட்டுப்படலைன்னா, அந்தக் கிறுக்கன் நீதான்.

காலம் போகப் போகக் காசு எப்பிடி எளைக்கும்னு பாக்கணுமா? மலை மேல பாரு. பெரியாத்து அணைக்கு எடம் குத்தகைக்கு எடுத்தது 1886 அக்டோபர் 29. ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராசா, மறுபக்கம் வெள்ளைக்கார சர்க்காரு. 8,000 ஏக்கரு. ஏக்கருக்கு வருசம் 5 ரூவா. பெருக்கு. 40,000 ரூவா. எத்தனை வருசத்துக்கு? 999. ஆயிரமாப் போட்டுத் தொலைச்சிருக்கலாம், அந்த ஒரு வருசத்தை எதுக்கு மிச்சம் பிடிச்சாய்ங்களோ! அன்னிக்கு அது மகாராசாவுக்குக் குடுக்குற குத்தகை. இன்னிக்கு ஒரு நல்ல செல்போன் வெலை. ரூவா அதேதான், அதோட சத்துப் போயிருச்சு.

1970ல ஏக்கருக்கு 30 ரூவான்னு ஏத்துனாக. 84 வருசத்துல ஆறு மடங்கு. கேக்கப் பெருசா இருக்கா? வகுத்துப் பாத்தா வருசத்துக்கு நூத்துக்கு ரெண்டு சொச்சம். அதே அஞ்சு ரூவா நூத்துக்கு ஆறு வட்டியில வளந்திருந்தா? 72ல ஆறு, பன்னெண்டு. பன்னெண்டு வருசத்துக்கு ஒரு தடவை ரெட்டிக்கும். 84 வருசத்துல ஏழு தடவை. அஞ்சு பத்தாகி, பத்து இருபதாகி, கிட்டத்தட்ட 640 ரூவாயில போயி நிக்கும். முப்பது எங்க, அறுநூத்தி நாப்பது எங்க? சத்தம் போட்டுச் சொல்லாத. கேரளத்துக் குமுளி பக்கத்துல இருக்கு. இந்தக் கணக்குல தண்ணி குடிக்கிறது நாம.

கடைசியா ஒண்ணு. லோயர் கேம்ப்புல பென்னிகுயிக் மணிமண்டபத்துக்குப் போயிருக்கியா? 2013ல தெறந்தது. பொங்கலன்னிக்குப் போனா, அந்த வெள்ளைக்காரருக்கு நம்ம சனம் பொங்க வச்சுக் கும்பிடும். நானும் கும்பிடுவேன். 1895ல தெறந்த அணை, இன்னிக்கும் என் கொடிக்குத் தண்ணி தருது. பொஞ்சாதி நகையை வித்து அணையைக் கட்டுனாருன்னு ஊரே சொல்லும். சொல்லும்போது எனக்கும் கண்ணு கலங்கும். ஆனா கணக்கெழுத ஒக்காந்தா நான் வேற ஆளு. அணை சர்க்காரு பணத்துல கட்டுனது. நகைக்கு ரசீது எங்கன்னு கேப்பேன். கும்பிடுறதுக்குக் கதை போதும். பேரேட்டுல ஏத்தணும்னா ரசீது வேணும். ரெண்டையும் கொழப்பிக்கிறவன் சாமிக்கும் ஆக மாட்டான், ஆடிட்டருக்கும் ஆக மாட்டான்.

எந்திரி. தடிப் புத்தகம் இங்கயே கெடக்கட்டும், பந்தலடியில தலைக்கு வச்சுப் படுக்கத் தோதா இருக்கு. நேரா அப்பத்தாகிட்டப் போ. மொய் நோட்டை வாங்கு. பின்பக்கமா ஒரு பக்கம் தனியா இருக்கும், உன் பேரு போட்டு. உன் காலேஜு மொத வருசப் பீசுக்கு ஊரு விசேசம் வச்சு வாங்குன மொய்யி அது. இருபத்தி மூணு பேரு பேரு இருக்கு. அதுல ஒம்போது பேருக்குத்தான் திருப்பிச் செஞ்சிருக்கோம். மிச்சம் பதினாலு.

வேலைக்குப் போனதும் அந்தப் பதினாலு பேரு வீட்டு வாசல்லயும் நீதான் போயி நிக்கணும். பழைய மொய்யி, புது மொய்யின்னு ரெண்டையும் உன் வாயால சொல்லி எழுதணும். அன்னிக்கு எது டெபிட்டு, எது கிரெடிட்டுன்னு ஒருத்தனையும் நீ கேக்க மாட்ட.